இரண்டு பெட்டிக்கு ஒரே ஃபைல்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு, அக்கா விட்டுப்போன பிள்ளை ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாக வரும். ஆனாலும் இது என் கையெழுத்து.

கடைசி மகள் சிதம்பரத்தில் இருக்கிறாள். விஷவாயு கசிந்தால் கத்துகிற பெட்டி இருக்கிறதே, அதற்குள் இருக்கும் புரோகிராமை எழுதுவது அவள் வேலை. அவளுக்கு நேர் மூத்தவன் பெண்டாட்டி, மகளோடு என்கூடக் கடலூரில் இருக்கிறான். ஊருக்குத் தெற்கே ஒரு ரசாயன ஆலையில் வேலை. எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். மதியம் கடல்காற்று எழுந்தால் ஆலையில் என்ன காய்ச்சுகிறார்கள் என்று என் மூக்கு சொல்லிவிடும்.

போன மாசியில் மகள் இரண்டு பெட்டிகளோடு வந்தாள். பழையதையும் புதியதையும் தோட்டத்துச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது.

"பாக்க ஒரே மாரி இருக்குதே?" என்றேன்.

"உள்ள இருக்கிற பிராசஸர் வேறம்மா. முன்ன ரெண்டுக்கும் தனித்தனியா லிங்க்கர் ஸ்கிரிப்ட் இருந்துச்சு. இப்ப பொதுவானத எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டுட்டேன். ரெண்டும் அதையே எடுத்துக்கும்."

"அது என்ன ஸ்கிரிப்ட்டு?"

"புரோகிராம்ல எந்தத் துண்டு மெமரில எங்க ஒக்காரணும்னு சொல்றது. பந்தியில ஆள ஒக்கார வெக்கிற மாரி."

"உங்கண்ணனுக்கும் ஒனக்கும் ஒரே புஸ்தகம்தான் வாங்கிக் குடுத்தேன். நீ இங்க வந்து நிக்குற, அவன் எங்க நிக்குறான் பாரு."

"சோறு துன்னும்போதுகூட வுட மாட்டியாம்மா?" என்றான் பின்வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகன். வாயில் சோற்றோடு தங்கையைப் பார்த்துச் சிரித்தான். "இந்தப் புதுசத்தான் போன வாரம் எங்க பிளான்ட்டுல மாட்னாங்க. பழசெல்லாம் கழட்டிட்டாங்க. அது எப்பப் பாத்தாலும் கத்தும். இது மரியாதையான பொட்டி. மாட்னதுலேர்ந்து வாயே தொறக்கல."

எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். மதியம் காற்று திரும்பியது. அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. பழைய பெட்டி வீல் என்று கத்தியது. புதியதில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

"பழசு கெட்டுப்போச்சும்மா" என்று மகள் அதை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டாள். மறுபடி கத்தியது. பிறகு அவள் பையிலிருந்த, சோதனைக்கான வாயு அடைத்த சின்ன சிலிண்டரைத் திறந்து புதியதின் வாயில் நேராகப் பிடித்தாள். பச்சை. இன்னும் நெருக்கிப் பிடித்தாள். அப்போதும் பச்சை. என் மகள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

லேப்டாப்பை மடியில் வைத்துத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"லிஸ்ட் காலியா இருக்கும்மா. எந்தெந்த வாயுவப் பாக்கணும்னு இருக்கிற பேரெல்லாம் பொது ஃபைல் வழியா ஒரே எடத்துல வரிசையா வந்து ஒக்காரணும். புதுப் பிராசஸர்ல அந்த எடத்துக்குப் பேரு வேற. நான் பழைய பேர மட்டுந்தான் எழுதியிருக்கேன். பந்திக்கு ஆரம்பமும் இருக்கு, முடிவும் இருக்கு, நடுவுல எலையே இல்ல. பொட்டி ஒரு நடை போய்ட்டு வந்து எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுது."

"டெஸ்ட்டு பண்ணலியாடி?"

"பண்ணதுக்கு அப்புறந்தான் ஃபைல ஒண்ணாக்கினேன். வேற எதையும் தொடலன்னு வுட்டுட்டேன்."

மகனுக்குப் போன் போகவில்லை. ஆலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆலை ஆபீசுக்குப் பேசினாள். எங்களுக்கு எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது என்று வைத்துவிட்டார்கள். ஆட்டோ பிடித்து ஓடினோம். வாசல் காவலரும் அதையேதான் சொன்னார்.

"ஒண்ணும் இல்லம்மா. அப்புடி இருந்தா பொட்டி கத்தியிருக்கும்ல?"

மகள் அவரிடம் பிராசஸர், ஃபைல் என்று அழுதுகொண்டே விளக்கினாள். அவருக்கு எப்படிப் புரியும்? நாற்றம் அங்கே தொண்டையில் இறங்கியது. நான் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன். மகன் பேரைச் சொன்னேன்.

"அவன் அம்மா செத்துப்போச்சுன்னு உள்ள சொல்லு" என்றேன்.

காவலர் முகம் மாறியது. சாவென்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உடனே உள்ளே போன் போட்டார். "நீங்க யாரும்மா அவுங்களுக்கு?" என்று கேட்டார். "சொந்தந்தான்" என்றேன்.

மகன் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றான்.

"ஏம்மா, வெளையாடுறதுக்கு இதுவா கெடச்சுது!"

தங்கை இரண்டே வார்த்தையில் சொன்னாள். அவன் அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "உள்ள பசங்க இருக்கானுங்க" என்று திரும்பி அதே கதவுக்குள் ஓடினான். அவனை வெளியே இழுக்கத்தான் செத்தேன். அவன் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றவில்லை. அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

கதவு சாத்தியே இருந்தது. கதவுக் கண்ணாடி வழியே உள்ளே சுவரில் பச்சை விளக்கு எரிவது வாசலிலிருந்தே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தார்கள். ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் சுவரோரம் குந்தி வாந்தி எடுத்தான். என் மகன் கடைசியில் வந்தான், கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. மகள் தரையில் உட்கார்ந்து, அதே பெட்டி போன மற்ற ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஊரில் யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள்.

அந்த ஊரைப் பற்றி அவள் இன்றுவரை எங்களிடம் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தா பாப்பா, உங்கப்பன் கதைதான். நான் செத்துப்போன எடத்துலேர்ந்து படி. உங்கப்பன் கதவுக்குள்ள திரும்பிப் போனான் பாரு, அங்க மட்டும் மெதுவாப் படி.