படகுக்காரியைச் சாகவிடாத ஆறு வாரம்

என் துப்பறியும் மூளையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் ஒரு தொடர்கதையை விடாமல் படித்தேன். ஒரு தடவைகூடக் கொலைகாரனைச் சரியாகக் கண்டுபிடித்ததில்லை. இவன்தான் என்று நான் சத்தியம் செய்த ஆள் அடுத்த வாரமே பிணமாகக் கிடப்பான்.

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகித் தி. நகரிலிருந்து மயிலாப்பூருக்கு வந்திருந்தேன். ஒரு வாரப் பத்திரிகையில் அந்தக் கதை வந்துகொண்டிருந்தது. தொல்பொருள் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் மாமல்லபுரத்துக் குகைச் சுவர் ஒன்றைத் தொட்டால் பல்லவர் காலத்துக்குப் போய்விடுவான். அங்கே அரண்மனையில் யாராவது கொலையாகியிருப்பார்கள். கையில் டார்ச் லைட்டோடு துப்பறிந்து முடித்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஆபீசில் கையெழுத்துப் போட வந்துவிடுவான். அந்தக் காலத்தில் அவனுக்குத் துணை ஒரு படகுக்காரப் பெண். பதினாறு வயசு, வாய்த் துடுக்கு. சரித்திரத்தில் பி.ஏ. மூன்றாம் வகுப்பில் தேறியவள் என்கிற திமிரில், இதெல்லாம் நடக்கிற காரியமா என்று உதட்டைப் பிதுக்குவேன். வெள்ளிக்கிழமை காலையானால் பேப்பர்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நிற்பதும் நான்தான்.

நின்று என்ன பிரயோஜனம்? அந்த வீட்டில் பத்திரிகைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மாமனார், அடுத்து மாமியார், பிறகு என் கணவர், கடைசியில் நான். என் கைக்கு வரும்போது ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். அதற்குள் மூன்று பேரும் சாப்பிடும்போதே கொலையை அலசிப் பிழிந்து காயப்போட்டிருப்பார்கள். பரிமாறும்போது காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? ஒரு கையில் ரசக் கரண்டி, ஒரு கையில் நெய்.

அந்த வருஷம் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டிருந்தது; மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். பத்து நாள் கண்ணில் கட்டோடு, தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்: "ஆறு வாரம் படிக்கக் கூடாது, குனியக் கூடாது. முக்கியமா அழக் கூடாது. தையல் விட்டுப்போனா அந்தக் கண்ணும் அவ்வளவுதான்."

பத்திரிகையை வாசித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே தாவலில் மாமனாருக்கு அடுத்த இடம். முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாமனார் படித்து முடித்துக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் முன்கூட்டியே புரட்டினேன். படகுக்காரி செத்துப்போயிருந்தாள். வேல் பாய்ந்து, குமாஸ்தாவின் மடியில், முழுசாக ஒரு பக்கத்துக்குச் செத்திருந்தாள்.

மாமியாருக்கு ஒரு பெண் இருந்தாள். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் டைபாய்டில் போய்விட்டாள். அவளுக்கும் பதினாறு வயசுதான். இதைப் போய் நான் எப்படி வாசிப்பேன்? நேரே மாமனாரிடம் ஓடி, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோப்பா" என்று கெஞ்சினேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். அந்த இடம் வந்ததும், "வேல் கால்லதான் பட்டுதும்மா. காயம்தான். பிழைச்சுண்டுட்டா" என்றேன்.

அவர் என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். பிறகு, "அப்புறம்?" என்றார்.

வந்தது வினை. அடுத்த வாரங்களில் குமாஸ்தா பத்திரிகையில் தனியாகத் துப்பறிந்தான். நானோ பக்கத்துக்குப் பக்கம் படகுக்காரியை நுழைக்க வேண்டியிருந்தது. பல்லவர் காலத்துப் படகுக்காரி எப்படிப் பேசுவாள் என்று மூன்றாம் வகுப்பு பி.ஏ.வுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் நொச்சிக்குப்பத்து ரோட்டோரத்தில் காதில் விழுந்த மீன்காரிகளின் பேச்சுதான். ஆகவே அரண்மனைக்குள் அவள், "இன்னா நைனா, பொணத்த பாத்துக்கினே நிக்கிற? கதவாண்ட ரத்தம் கீது பாரு" என்றாள்.

மாமியாரின் உதடு துடித்தது. சிரித்தாலும் தையல் விடுமா என்று டாக்டரைக் கேட்காமல் விட்டோமே என்று பதறிப்போனேன்.

ஒருநாள் படகுக்காரிக்குப் பசித்தது. உருளைக்கிழங்குக் கறி போட்டேன்.

"பல்லவா காலத்துல உருளைக்கிழங்கு ஏதுடி?" என்றார் மாமியார்.

"அவன் டார்ச் லைட் கொண்டு போகலியாம்மா? அதோட பையில போட்டுண்டு போயிருப்பான்."

"ஓகோ" என்றார்.

எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. கதை எழுதுகிறவரைவிட நான் தேவலை என்றே தோன்றியது. பத்திரிகையில் மந்திரிதான் கொலைகாரன். எனக்கு ஆரம்பத்திலிருந்தே சேனாதிபதி மேல் சந்தேகம்; படகுக்காரியை விட்டே அவனைப் பிடித்துக் கட்டவைத்தேன். வாழ்நாளில் நான் துப்புத் துலக்கிய ஒரே கேஸ் அது.

ஆறு வாரம் முடிந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. அன்றைக்கே மாமியார், "அந்தப் பத்திரிகையெல்லாம் எடுத்துண்டு வா" என்றார். எல்லாவற்றையும் அவர் மடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டேன். வாணலியில் அப்பளம் கரியாகிக்கொண்டிருந்தது.

"ஏண்டி, இங்க வா. எதுக்குப் பயந்து சாகறே? அவ செத்துப்போனது எனக்கு அன்னிக்கு மத்தியானமே தெரியும். இவர் வயித்துல என்ன தங்கறது? படிச்ச கையோட சொல்லிட்டார்."

ஆறு வாரமாக நான் உளறிய அத்தனையும் வரிசையாகக் கண்முன் வந்தது. "தெரிஞ்சுண்டா இதையெல்லாம் கேட்டுண்டிருந்தேள்?" என்றேன்.

மாமியார் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"போயிட்டா போயிட்டான்னு சொல்றதுக்கு ஊர்பூரா மனுஷா இருக்கா. போகலைன்னு சொல்றதுக்கு நீ ஒருத்திதான் வந்தே. கேட்டுண்டே இருக்கணும்போல இருந்தது."

ஆபரேஷன் ஆன கண் காய்ந்துதான் இருந்தது. அழுதது நான்.

பத்திரிகைகளை அவர் பிரிக்கவே இல்லை. அப்படியே ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, "மூக்கைச் சிந்திண்டு வந்து உக்காரு. இப்போ அவ என்ன பண்ணிண்டிருக்கா, சொல்லு" என்றார்.