இரண்டு புது பேட்டரி

என்னை நம்பி எதையும் கொடுக்கலாம் என்று எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஆறாம் வகுப்பு முழு ஆண்டு லீவில், ஓர் ஈரத்துணியை வைத்து நானே அந்தப் பெயரைத் துடைத்தெறிந்தேன். ஆனால் அது ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் வினை.

மஸ்கட்டில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, லீவில் வந்தபோது ஒரு வாக்மேன் கொண்டுவந்திருந்தார். ஆண்டிமடத்தில் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அங்கே சின்னப் பாட்டி வீட்டுப் பிள்ளைகள் கையில் சிக்கினால் அது ஸ்குரு ஸ்குருவாகத்தான் திரும்பி வரும் என்று பயந்து, போகிற ஒரு வாரத்துக்கு அதை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். பாட்டு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், தூசி மட்டும் படக்கூடாது என்பது கட்டளை. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவளிடம் அப்படிச் சொன்னார்.

சுரங்கத்தை எங்கள் பக்கம் மைன்ஸ் என்போம். அங்கே பாறையில் துளை போடும் வேலை அப்பாவுக்கு. மத்தியானம் வெடி வைத்தால் சாயங்காலத்துக்குள் சோற்றுப்பானை மூடிவரைக்கும் வெள்ளையாகிவிடும். அம்மா நாள் முழுக்க ஈரத்துணியும் கையுமாகத்தான் நடமாடுவாள். அப்பாவிடம் எதைச் சொல்வதானாலும் அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வந்து நின்று சொல்வாள். அதை நான் அவர்களுடைய அன்னியோன்னியம் என்று நினைத்து உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொள்வேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மாமா அதன் ஹெட்போனை அப்பாவின் காதில் மாட்டிவிட்டார். சத்தம் கூட்டும் சக்கரத்தை அப்பா தானாகவே கடைசிவரை திருகினார்.

"கேக்குது" என்றார்.

கேட்பதற்குத்தானே வாங்கினது என்று மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கேட்கிறது என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. தூசி என்றார், நாங்களும் நம்பினோம். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்து குளித்ததும் அவர் கை என் முன்னால் நீளும். பத்து நிமிடம் கேட்டுவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவார்.

மூன்றாம் நாள் பெரிய வெடி. நான் வாக்மேனை ஜன்னலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதன்மேல் மாவு சலித்ததுபோல் வெள்ளை. அம்மா செய்வதைப்போல ஈரத்துணியால் துடைத்தேன். கேசட் போடும் பள்ளத்தின் மூலைகளில் இருந்த தூசி வரவில்லை. செய்வன திருந்தச் செய் என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருந்ததே, அதை நம்பி டிபன் பாக்ஸ் கழுவுகிற மாதிரி இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்தேன். பளபளவென்று இருந்தது.

சாயங்காலம் பட்டனை அழுத்தினேன். சக்கரங்கள் சுற்றின, கேசட்டும் சுற்றியது. பாட்டு மட்டும் வரவில்லை.

மாமா அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் இனி என்னிடம் எதையும் தர மாட்டார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கருவியில் ஒரு வசதி இருந்தது. பாடுகிறதா இல்லையா என்பது மாட்டியிருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் நான் அதை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியபடி வீட்டைச் சுற்றி வந்தேன். என்ன பாட்டு என்று அம்மா கேட்டபோது வாய்க்கு வந்த ஒன்றைப் பாடியும் காட்டினேன்.

அப்பாவின் கை நீண்டபோது பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்தடுத்த நாட்களிலும் அதையே சொன்னேன். கடையில் இல்லையாம் என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். ராத்திரியெல்லாம் மாமா வரும் பஸ் வழியிலேயே நின்றுபோக வேண்டும் என்று தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டினேன்.

பஸ் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்துவிட்டார். மறுநாள் விமானம் என்பதால் அன்றே சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அவர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே வாக்மேனைக் கேட்டார். நான் எடுத்து வருவதற்குள் அப்பா சட்டைப்பையிலிருந்து இரண்டு புது பேட்டரியை எடுத்தார். முதல் நாள் வேலை முடிந்ததும் டவுன்வரை சைக்கிள் மிதித்துப்போய் வாங்கி வந்திருக்கிறார்.

"குடு. ஒருதரம் கேட்டுட்டுத் தந்துடுறேன்."

அவரே பேட்டரியை மாட்டினார். பட்டனை அழுத்தினார். கேசட் சுற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சத்தம் கூட்டும் சக்கரத்தைக் கடைசிவரை திருகினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா நிமிர்ந்து, "நல்லாப் பாடுதா மச்சான்?" என்றார்.

அப்பா அவர் வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"ம். நல்லாப் பாடுது."

மாமா வாங்கி அப்படியே பையில் வைத்தார். என் அப்பா எனக்காகப் பொய் சொன்னார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் இப்படி ஓர் அப்பா யாருக்கு வாய்க்கும் என்று பெருமைப்பட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமாவை வழியனுப்பக்கூட வரவில்லை.

ஒரு மாதம் கழித்து மாமாவின் கடிதம் வந்தது. அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். வீட்டில் கடிதம் படிப்பது என் வேலை. வாக்மேன் சென்னை போகும்போதே பாடவில்லை, உள்ளே தண்ணீர் போயிருந்தது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை விழுங்கிவிட்டு, எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும் என்பதைக் கூடுதல் சத்தத்தோடு படித்தேன்.

அந்த வருடமே அப்பா வீட்டு ரேடியோவைத் தன் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இனிமேல் இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்றார். நாங்கள் கேட்போமே என்று நான் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

போன வருடம் அவரை வற்புறுத்தித் திருச்சியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரிசோதித்துவிட்டு டாக்டர், காது முழுசாகப் போகவில்லை, அந்தக் காலத்திலேயே வந்து மெஷின் வைத்திருந்தால் நன்றாகக் கேட்டிருக்கும் என்றார். ஏன் வரவில்லை என்று அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார்.

மைன்ஸில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று முதலில் மறைத்ததாக அப்பா சொன்னார். பிறகு மருந்துக்குப் போய் என்ன புண்ணியம் என்று விட்டுவிட்டாராம்.

"அதான் முழுசாப் போயிடுச்சே சார். மச்சான் பாட்டுப் பெட்டிய காதுலயே மாட்டிப் பாத்தேன். புது பேட்டரி ரெண்டு போட்டும் ஒண்ணுமே கேக்கல."

நான் அவர் தோளைத் தொட்டேன். முகத்துக்கு நேரே போய் நின்று, அந்தப் பெட்டி அன்றைக்குப் பாடவே இல்லை, நான்தான் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டேன் என்று அந்த அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார், அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டியது போலவே.