எங்கள் பெயரில் போகும் மெயில்

நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்ட அலுவலகத்தின் மெயிலைப் புது சேர்வருக்கு மாற்றிக் கொடுத்தவர் பதுளைக்காரர். ஒல்லியான மனிதர். பாஸ்வேர்ட் அடிக்கும்போது இடக்கையால் விசைப்பலகையை மறைத்துக்கொள்வார். அவர் போனதிலிருந்து நாங்கள் அனுப்பிய மெயில்களெல்லாம் கொழும்புத் தலைமை அலுவலகத்தில் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்தன. மறுபடியும் அவரை வரவழைத்தேன்.

"நீங்கதான் என்னமோ பண்ணிட்டீங்க," என்றேன்.

"இன்னைக்கு வேற வேன்ல வந்தேன் சார். நீங்க சொன்ன பொறகுதானே வாச்சர் கேட்டத் தொறந்தாரு? அதே மாதிரி, உங்க பேர்ல எந்த சேர்வர் மெயில் அனுப்பலாம்னு டொமைன்ல, அதாவது மெயில் முகவரியில @க்குப் பின்னால வர்ற பேருக்கான பதிவுல, எழுதி வைக்கணும். புது சேர்வர் அதுல இல்ல, அதான் கொழும்புல உள்ள விடல."

எழுத மறந்தது யார் என்று அவர் சொல்லவில்லை. கையால் மறைத்தபடியே அடித்து முடித்தார். மறுநாள் மெயில்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கைக்கு அடியில் எங்கள் சேர்வரை மட்டும்தான் சேர்த்தாரா? என் மெயில் கிடைத்ததென்று யாராவது சொன்னால், நான் அனுப்பியதுதானா என்று இன்றும் பார்த்துக்கொள்கிறேன்.