சற்றுப் பின்னால் வருபவள்

சேலையூரில், எங்கள் அடுக்குமாடி வீட்டு ஹாலில்தான் என் ஒத்திகை. எதிரே இருக்கும் கேமரா என் அசைவுகளைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் அவற்றை வெள்ளைக் கோடுகளாலான ஒரு பெண்ணாக மாற்றிச் சுவரில் ஆடவிடும். பரதநாட்டியம் என்னுடையது, புரோகிராம் என் கணவர் எழுதியது.

ஒரே குறை, அவள் தாமதமாக வந்தாள். நான் கையைத் தூக்கிய பிறகுதான் அவள் தூக்குவாள்.

"தாளமே போச்சு! இதை வெச்சு எப்படி ஆடறது?"

"பழைய லேப்டாப். அதால இதுக்கு மேல முடியாது" என்றார்.

அந்தக் குறையோடுதான் பெருங்களத்தூரில் ஒரு குடியிருப்பின் பொங்கல் விழாவில் மேடையேறினேன். வேகமான ஜதி. அதில் நான் ஓரிடத்தில், பக்கத்துத் திரையில் அவள் வேறிடத்தில். முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஆத்திரத்தில் ஜதியின் நடுவிலேயே அசையாமல் நின்றுவிட்டேன்.

அவள் நிற்கவில்லை. நான் கடைசியாக வீசிய கையை வீசி முடித்துவிட்டு, அதன் பிறகே நின்றாள். சிரிப்பு அடங்கியது.

லேப்டாப் அருகே இருந்த கணவரிடம் பாட்டை நிறுத்தும்படி சைகை காட்டினேன். தோழியை அழைப்பதுபோல் அபிநயம் பிடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் என்னை அழைத்தாள். நான் மாட்டேனென்று தலையசைத்தேன். அவள் மாட்டேனென்றபோது நான் கெஞ்சினேன். சலித்துப்போய் நான் முகம் திருப்பிக்கொண்ட வேளையில், அவள் கெஞ்சத் தொடங்கினாள்.

முடிந்ததும் ஓர் அம்மாள் மேடையருகே வந்தார்.

"அந்த இன்னொரு பொண்ணு யாரும்மா?"

"நான்தாங்க."

"நீங்களா? உங்களைவிட அவ பொறுமைசாலியா இருக்காளே!"

வண்டியில் வீடு திரும்பும்போது அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ மேடைகளில் ஒரு முத்திரை முழுதாக மலரும் முன்பே அடுத்ததற்குத் தாவியிருக்கிறேன். மேடையில் சும்மா நிற்பதற்குப் பயம். அன்று அவளுக்காக நிற்க வேண்டியிருந்தது. நின்றபோதுதான் என் கை எங்கே போய் முடிகிறதென்று பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்துக் கணவர் புது லேப்டாப் வாங்கினார். தாமதம் போயிற்று. இருவரும் ஒன்றாகவே அசைந்தோம். துல்லியமாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே யாருமே இல்லாததுபோல் இருந்தது எனக்கு.

"பழையபடி லேட்டாக்கிடு" என்றேன்.

"இதுக்காகத்தானே இவ்ளோ நாள் சண்டை போட்ட?"

"ஆமா. இப்போ எனக்கு அவகூட ஆடணும்."

அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு லேட்டு வேணும்?"

"கூட்டிக்கிட்டே வா. நான் சொல்றேன்."