கடைசிக் குழாயிலிருந்து

என் அண்ணியை அவருடைய அலுவலகத்தில் எல்லோரும் 'கடைசிக் குழாய்' என்றுதான் சொல்வார்கள். அவர் காதில் விழாமல் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. சின்னச் சின்னக் குடிநீர்த் திட்டங்களின் வரைபடங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது அண்ணியின் வேலை. மற்ற பொறியாளர்கள் கிணற்றில் ஆரம்பித்து மோட்டார், தொட்டி, குழாய் என்று தண்ணீர் போகிற வழியிலேயே போவார்கள். அண்ணி தலைகீழ். ஊரின் கடைசி வீட்டுக் குழாயில் விரலை வைத்து, அங்கிருந்து கிணறு வரை பின்னோக்கிப் போவார். தண்ணீர் வராமல் திண்டாடப் போவது கடைசி வீட்டுக்காரன்தான், முதலில் அவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது என்பார்.

என் அண்ணன் அந்த மாதிரித் திட்டங்களை வடிவமைத்துக் கொடுப்பவர். எங்கள் வீட்டு முன்னறைதான் அவருக்கு அலுவலகம். கணக்கு அவருடையது. அதைக் கணினியில் வரைந்து தருவது தங்கையான நான். கணவன் போட்டதை மனைவி சரிபார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் அண்ணனின் கோப்புகள் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் போகும். அவர் தங்கமான மனிதர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அந்த வேலைக்கு அது நல்ல குணமில்லை.

அண்ணியோ விதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். முன்னறைத் திரையில் வரைபடம் திறந்திருந்தால் அந்த வழியாக வரமாட்டார். பக்கத்துச் சந்தில் சுற்றிக்கொண்டு சமையலறைக் கதவைத் தட்டுவார். மழையிலும் அப்படித்தான். "உள்ள வாம்மா, கண்ணை மூடிக்கிட்டு வா" என்று அண்ணன் கத்துவார். வரமாட்டார்.

ஆனால் சாப்பிடும்போது பொதுவாகத் தொட்டிகளைப் பற்றிச் சண்டை உண்டு. எந்த ஊர்த் தொட்டி என்று சொல்லாமல் நடக்கிற சண்டை. மேட்டில் இருக்கிற வீட்டுக்குத் தண்ணீர் ஏறுமா என்று பார்க்கத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வது என்பதுதான் விவகாரம். அண்ணன் நிறைந்த தொட்டியை வைத்துக்கொள்வார். அண்ணி காலித் தொட்டியை.

"காலையில எல்லாரும் குழாயைத் திறந்தா தொட்டி இறங்கிடும். அப்ப மேட்டு வீட்ல காத்துதான் வரும்" என்பார் அண்ணி.

"மோட்டார் எதுக்கு இருக்கு? ஏத்திக்கிட்டே இருக்கும்ல" என்பார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்புவார். "உங்க அண்ணிக்கு நிறைஞ்ச தொட்டியைக் காட்டினாலும் உள்ள எட்டி அடியைத்தான் பார்ப்பா."

அண்ணியும் சிரித்துவிடுவார். அன்றைக்கு அதோடு முடியும், இன்னொரு நாள் மறுபடி ஆரம்பிக்கும்.

ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். கடைசியாகப் போட்ட திட்டத்தை அப்போதுதான் ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தார்.

அண்ணி அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் "ஆமாம்" என்றார், "சரி" என்றார். விடுப்பு முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார். பேசினால் பதில் வரும். தட்டில் வைத்தால் சாப்பிடுவார். ஒரு நாள் காயில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிவைத்தார். கல் மாதிரி இருக்கிறாளே என்று உறவில் சிலர் காதைக் கடித்தார்கள். ஊரார் சொன்னால் போகட்டும், எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் என்ன குறைந்துபோகும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவருக்குச் சோறு போட்டேன்.

இதற்கிடையில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மாற்றல் வந்தது. அண்ணனின் கடைசிக் கோப்பைத் தலைமைப் பொறியாளர் அண்ணியின் மேசையில் வைத்தார். அண்ணி விதியைச் சொல்லியிருக்கிறார்.

"அவர்தான் இப்ப இல்லையேம்மா. அப்புறம் என்ன தடை?" என்றாராம் அவர்.

"சரி சார்" என்றாராம் அண்ணி. பேருந்து தாமதமாக வந்ததைச் சொல்வது போல இதை என்னிடம் சொன்னார்.

எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அந்தத் திட்டம் ஒரு குன்றுச் சரிவில் இருக்கிற சிற்றூருக்கானது. மேல்பக்கம் ஒரே ஒரு தெரு, அதற்கு மேட்டுத்தெரு என்று பெயர். ஒப்புதல் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மேல்நிலைத் தொட்டியின் தூண்களுக்கான குழியை அங்கே தோண்டியாகிவிட்டது. மழைக்கு முன் தூண் எழும்பாவிட்டால் குழி சரிந்து, வேலை அடுத்த கோடைக்குப் போய்விடும். மேட்டுத்தெருவின் கடைசி வீட்டில் ஒரு தையற்கார அம்மா இருக்கிறார். அளவெடுக்கப் போன அண்ணனுக்கு மோர் கொடுத்தவர். உங்கள் வாசலிலேயே தண்ணீர் வரும் என்று அண்ணன் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதை வைத்து அந்த அம்மா என்னிடம் அடிக்கடி தொலைபேசியில் கேட்பார்.

"தண்ணி லாரி வர்ற அன்னைக்கெல்லாம் மெஷினை நிறுத்திட்டுக் குடத்தோட ஓட வேண்டியிருக்கும்மா. எப்ப கட்ட ஆரம்பிப்பாங்க?"

"எங்க அண்ணிகிட்டதான் இருக்கு. சீக்கிரம் வந்துடும்" என்று நானும் தைரியமாகச் சொல்லிவைத்தேன்.

வந்தது. ஒப்புதல் இல்லை, ஒரே ஒரு குறிப்பு. 'தொட்டியின் நிறைமட்டத்தை வைத்து அழுத்தம் கணக்கிடப்பட்டுள்ளது. தொட்டி இறங்கிய நிலையில் மேட்டுத்தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. வடிவமைத்தவர் விளக்கம் தரவும்.'

அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். வடிவமைத்தவர் விளக்கம் தரவும். எந்த உலகத்திலிருந்து தருவது?

அன்று மாலை அண்ணியைச் செருப்பைக் கழற்றக்கூட நான் விடவில்லை.

"அண்ணன் போட்ட கடைசி வேலை அண்ணி. அதையும் திருப்பி அனுப்பணுமா?"

"தண்ணி ஏறாதும்மா."

"மழை வந்தா வேலையே நின்னுடும். தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"வாக்குக் கொடுத்துட்டுப் போயிருக்கார். அவர் பேரைக் காப்பாத்தணும்னு தோணலையா? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"தெரியலம்மா. ஒண்ணுமே தோண மாட்டேங்குது. கணக்கு மட்டும் தெரியுது" என்றார். பிறகு கால் கழுவப் போய்விட்டார்.

அண்ணனை ஜெயிக்க வைத்தே தீருவது என்று கணக்கைத் திறந்து உட்கார்ந்தேன். தொட்டி நிறைந்திருந்தால் மேட்டுத்தெருவில் தண்ணீர் நன்றாகவே வந்தது. பாதியாக்கினேன், நூல் போல வந்தது. காலியாகும் நிலைக்குக் கொண்டுபோனேன். கீழ்த்தெருக்களில் குளிக்கவும் துவைக்கவும் தாராளமாக வந்தது, மேட்டுத்தெருவில் சொட்டுக்கூட இல்லை. சொட்டு இல்லாத குழாய் சும்மாவும் இருக்காது, விரிசல் வழியாக வெளியே கிடக்கிற சாக்கடையை உள்ளே இழுக்கும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் தையற்கார அம்மா குடத்தோடு ஓடிக்கொண்டுதான் இருந்தார், இந்த முறை வாசலில் குழாயை வைத்துக்கொண்டு.

வேறு வழியில்லை. தொட்டியின் தூண்களை ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே கூட்டினேன். அண்ணனின் நண்பர் ஒருவர், கட்டடப் பொறியாளர், தூண் கனத்தையும் அடித்தளத்தையும் புதிதாகக் கணக்கிட்டுக் கொடுத்தார். தோண்டிய குழியை அகலப்படுத்தினால் போதும் என்றார். அவசர அவசரமாக வரைந்து முடித்தேன். கடைசியில் வரைபடத்தின் மூலையில் இருக்கிற பெயர்ப்பெட்டிக்கு வந்தேன். 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் அண்ணன் பெயர். அவர் சொல்லாததை அவர் சொன்னதாகப் போடுவானேன், தப்பும் அவர் பெயரோடு நிற்பானேன் என்று அதை அழித்துவிட்டு நண்பரின் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

மறுபடியும் திரும்பி வந்தது. மறுபடியும் ஒரே குறிப்பு. 'வடிவமைத்தவர் பெயர் மாறியுள்ளது. முதல் வரைபடத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். திருத்தியவர்கள் பெயர் அதற்குக் கீழே வரலாம்.'

இதற்கு ஒரு குறிப்பா, வானம் வேறு இருட்டிக்கொண்டு நிற்கிறதே என்று வீட்டில் கேட்டேன்.

"அவர் போட்டதுதானே. அவர் பேர் இருக்கட்டும்" என்றார் அண்ணி. அவ்வளவுதான்.

பெயரைத் திரும்பப் போட்டேன், கீழே நண்பர் பெயரையும் என் பெயரையும் சேர்த்தேன். அன்றைக்கே ஒப்புதல் வந்தது. மழை வருவதற்குள் தூண்கள் தரைக்கு மேலே தலைகாட்டிவிட்டன.

தண்ணீர் விட்டுச் சோதிக்கிற நாளில் என்னையும் அண்ணி கூட்டிப்போனார். ஊரே குழாயடியில் கூடியிருக்க, தொட்டியை முதலில் இறக்கச் சொல்லிவிட்டார். நிரம்பிய தொட்டியை ஒருத்தி காலி பண்ணச் சொல்கிறாளே என்று கீழ்த்தெருக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தொட்டி இறங்கியதும் கீழே எல்லாக் குழாய்களையும் திறந்துவிடச் சொல்லிவிட்டு, அண்ணி மேட்டுத்தெரு ஏறிக் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றார். தையற்கார அம்மா குடத்தை வைத்தார். அண்ணிதான் குழாயைத் திறந்தார்.

முதலில் காற்று சீறியது. பிறகு செம்மண் கலந்து கொஞ்சம். அப்புறம் தெளிந்த தண்ணீர், தடிமனாக, குடத்துக்குள் சத்தத்தோடு விழுந்தது.

"உங்க வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே வாசல்ல வந்துடுச்சும்மா" என்றார் அந்த அம்மா.

அண்ணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"அவர் போட்டதை நான் ஒரு தடவைகூட பார்த்ததில்ல, தெரியுமா உனக்கு? இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து சந்து வழியாத்தானே சுத்திக்கிட்டிருந்தேன். இப்பதான் முதல் தடவையாப் பார்த்தேன். இந்தக் குழாய்ல ஆரம்பிச்சுக் கிணறு வரைக்கும் போனேன். அந்த ஒண்ணு தவிர எல்லாம் அவ்வளவு நல்லாப் போட்டிருக்கார்மா. எந்த வீட்டையும் விடல."

"அண்ணி."

"நல்லா இருக்குங்கன்னு சொல்லணும். அதுக்கு ஆளைக் காணோம்."

குடம் நிரம்பி வழிந்தது. ஒரு சொட்டு வீணானாலும் ஊரைக் கூட்டுகிற அண்ணி, குழாயை மூடாமல் அப்படியே நின்று அழுதார். தையற்கார அம்மா ஒன்றும் புரியாமல் குழாயை மூடப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.