இழுக்காத பெட்டி

என் வீட்டுக்காரர் பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்கமாட்டார். சனிக்கிழமை மாலைகளில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் கிட்டார் வாசிப்பார். பக்கத்தில் என் தம்பி டிரம்ஸ். பன்னிரண்டு வருஷ ஜோடி.

தம்பி லிப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாதவன். நாலு மாதத்துக்கு முன், அத்தனை பேர் எதிரில் இவர் வாசிப்பை நிறுத்தி, "நீ தாளத்தை இழுக்கிற மாப்ள!" என்று கத்தினார். குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனவன்தான், அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். இவரிடம் சொன்னால், "தப்பு அவன்மேல. நான் ஏன் போகணும்?" என்பார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

தனியாக வாசித்தால் சப்பென்று இருக்கிறதென்று போன வாரம் ஒரு லூப்பர் பெடல் வாங்கி வந்தார். செங்கல் இரண்டைச் சேர்த்து வைத்த கனம். நாலு டிராக், நாலுக்கும் தனித்தனிப் பொத்தான். காலால் மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், வாசிப்பது பதிவாகும். மறுபடி மிதித்தால் பச்சை. பதிந்ததையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் அடுத்ததை ஏற்றலாம். உள்ளேயே டிரம்ஸும் உண்டு.

"இனிமே எவன் தயவும் வேணாம்" என்றார்.

முதல் நாள் பெருவிரல் ஒன்றுக்கு இரண்டு பொத்தானை மிதித்தது. நிறுத்தத் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கினார். மைக் செருகும் ஓட்டையும் இருந்ததால் நானும் நாலாவதை மிதித்து, "சாப்பாடு ஆறுது, வாங்க" என்றேன். பெட்டி பத்து தடவை கூப்பிட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மனுஷருக்குத்தான் பத்து தடவை கூப்பிட்டும் காது கேட்கவில்லை.

மறுநாள் பெட்டியின் டிரம்ஸை ஓடவிட்டு, அதன்மேல் கிட்டாரைப் பதிந்தார். இரண்டு சுற்று ஒழுங்காக வந்தது. நாலாவது சுற்றில் டிரம்ஸ் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். திரும்பப் பதிந்தார். அதே கதை.

"இந்த மெஷினும் இழுக்குது!"

சனிக்கிழமை காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாங்கின கடைக்கே கிளம்பினார். சண்டை போட்டுவிடப் போகிறாரே என்று நானும் போனேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தானே ஒரு கிட்டாரை எடுத்து வாசித்துப் பதிந்தார். எத்தனை சுற்றுப் போனாலும் டிரம்ஸும் கிட்டாரும் ஒட்டிக்கொண்டே வந்தன.

"இப்ப நீங்க வாசிங்க சார்."

வாசித்தார். நாலாவது சுற்றில் பிரிந்தது.

"மெஷினுக்கு இழுக்கத் தெரியாது சார். நீங்கதான் கொஞ்சம் முந்துறீங்க. சுற்று முடியறதுக்கு முன்னாலயே மிதிச்சுடுறீங்க."

வீட்டுக்குத் திரும்பினோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக முந்தி ஓடியவர் இவர். பின்னாலேயே ஓடி வந்து காப்பாற்றியவன் அவன். அன்று மாலை ஹோட்டலுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை, "உன் தம்பி வீட்ல இருப்பானா?" என்றார். அவர் பெட்டியையும் கிட்டாரையும் ஸ்பீக்கரையும் எடுத்துக்கொண்டார். நான் மைக்கை எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்த தம்பி என்னைப் பார்த்து, "வாக்கா" என்றான். இவரைப் பார்க்கவில்லை. இவர் நேரே கூடத்தில் பெட்டியை வைத்து, அந்தப் பிரிந்துபோகிற பதிவை ஓடவிட்டார். தம்பி தலையைச் சாய்த்து நாலு சுற்றும் கேட்டான்.

"இதை வாங்கித்தான் தெரிஞ்சுக்கணுமா மாமா? என்னைக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பேன்."

இவர் பாட்டை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். நான் மைக்கை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, நாலாவது பொத்தானை மெல்ல மிதித்தேன்.

"தப்பு என்மேலதான் மாப்ள."

மறுபடி மிதித்தேன்.

தப்பு என்மேலதான் மாப்ள. தப்பு என்மேலதான் மாப்ள. தப்பு என்மேலதான் மாப்ள.

"ஏய், நிறுத்துடி!" என்று இவர் பாய்ந்தார். தம்பி விடவில்லை. பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப்போட்டு, அந்த வரிக்கு விரலால் தாளம் போட ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு வந்தது சிரிப்பால் அல்ல.

என்ன செய்வார் பாவம், இவரும் கிட்டாரை எடுத்தார். இரண்டாவது சுற்றிலேயே முந்தினார். தம்பி ஒன்றும் சொல்லாமல் விரலைக் கொஞ்சம் வேகமாக்கி அவரைப் பிடித்துக்கொண்டான்.