வளர்த்தி மாவும் நானும்

எங்கள் ஒரே மகள் கட்டையாக இருக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தவர் கனடாவில் இருக்கும் மச்சாள். வீடியோ அழைப்பில் பிள்ளையின் முகம் மட்டும்தான் தெரியும். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். மகளுக்கு அப்போது பத்து வயது.

அடுத்த மாதமே பார்சல் வந்தது. பிள்ளைகளை உயர வைக்கும் சொக்லேட் மா, ஆறு பெரிய தகரப் பேணிகள். பேணியின் பின்பக்கத்தில், சேர்த்த சாமான்களின் பட்டியலில், சீனியைத்தான் முதலாவதாக எழுதியிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பிக்கிறவள். இருந்தும் முன்பக்கத்தையே நம்பினேன்.

காலையில் ஒரு கோப்பை, படுக்கப் போகுமுன் ஒரு கோப்பை, கூடவே கிறீம் விசுக்கோத்து. குரக்கன் புட்டு அவிப்பது நின்றுபோனது. மகள் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவாள். வெளிநாட்டுச் சாமானை வெளியே ஊற்ற மனம் வருமா? மிச்சத்தை நான் குடித்தேன். மாதாமாதம் சுவரில் அவள் உயரத்துக்குக் கோடு கீறினோம். கோடு அசையவில்லை. பள்ளிக்கூடச் சட்டையைத்தான் இரண்டு தடவை பெருப்பிக்க வேண்டி வந்தது.

கடைசியில் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு டொக்டரிடம் போனோம். வளர்த்தி ஓமோன் ஊசி போடலாமா என்று கணவர் கேட்டார். டொக்டர் எங்கள் இருவரையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். அதிக நேரம் எடுக்கவில்லை. பிறகு பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். பெருமையோடு சொன்னேன்.

"அம்மா, நித்திரை கொள்ளேக்கைதான் அந்த ஓமோன் கூடச் சுரக்கும். சீனியைக் குடுத்துப் படுக்க விட்டால் அது குறையும். உடம்பு கொழுத்தாலும் குறையும். ஊசி வேண்டாம், உந்த மாவை நிப்பாட்டுங்கோ."

குடும்பத்தில் யாருக்கும் சீனி வருத்தம் உண்டா என்று விசாரித்து, மூன்று பேரையும் இரத்தம் சோதிக்க அனுப்பினார். மகளுக்குப் பிழையில்லை. கணவருக்கும் இல்லை. எனக்குத்தான் சீனி ஏறியிருந்தது. வெட்கமாக இருந்தது. மச்சாளுக்குச் சொன்னபோது, தானும் இரண்டு வருடமாகச் சீனிக்குக் குளிசை போடுவதாகச் சொன்னார்.

இப்போது மகள் நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுக்கிறாள், பின்னேரம் வலைப்பந்து விளையாடுகிறாள். எங்கள் குடும்பத்தில் எவ்வளவு வளரலாமோ அவ்வளவு வளர்கிறாள். நானும் நடந்து நடந்து மெலிந்துவிட்டேன். போன கிழமை ஆசிரியர் அறையில் பக்கத்து மேசை ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு இரகசியமாகக் கேட்டார்:

"என்ன ரீச்சர், வாடிப் போனியள், வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. இரக்கப்பட்டு இரண்டு லட்டை என் முன்னால் வைத்தார். ஒன்றைச் சாப்பிட்டேன்.